முதல் ஏலம் யார் கையில்? வடசென்னை மீனவர் கூட்டுறவும் மலாய் அனுபவமும்

கேள்வி

ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் குப்பங்களில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தை அறியாதவர் இல்லை. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் சேர வேண்டுமானாலும் அரசின் பிற உதவிகளைப் பெற வேண்டுமானாலும் சங்கப் பதிவு கேட்கப்படும். ஆனால் கடலிலிருந்து வந்த மீன் முதன்முதலாக விலைபோகும் இடத்தில் சங்கம் இருப்பதில்லை. காசிமேட்டில் அந்த இடம் ஏலக்களம். அங்கே விலை கூறுபவரும் முன்பணம் தந்தவரும் கழிவு எடுப்பவரும் தனியாட்கள்.

இந்த விலகலைப் புரிந்துகொள்ள முயல்கிறது இக்கட்டுரை. இந்தியக் கூட்டுறவு இயக்கம் பிறந்த மாநிலங்களுள் ஒன்று தமிழ்நாடு. 120 ஆண்டுகள் கடந்த அந்த இயக்கம், துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இக்கடற்கரையில் உழைப்பவர்களிடமிருந்து தொழில்முனைவோரை ஏன் உருவாக்கவில்லை? மலேசியாவில் மலாய்ச் சமூகத்தின் பொருளாதார உயர்வுக்காக மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை, குறிப்பாக மாணவர் கூட்டுறவுகளை, இதனருகில் வைத்துப் பார்க்கலாம். ஒப்பிடக் காரணங்கள் உண்டு. மலாயாவின் கூட்டுறவுச் சட்டம் இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. மீனவரை வியாபாரியோடு கட்டிப்போடும் கடன் இரு கரைகளிலும் ஒன்றே. சென்னைத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கு ராஜுலா போன்ற கப்பல்களில் போன தமிழர்களே அங்கே ஒரு பெரிய கூட்டுறவுப் பரிசோதனையை நடத்தினார்கள்.

கூட்டுறவு தொழிலைக் கற்றுத்தரும் இடமாக இயங்க வேண்டுமானால், உறுப்பினரின் உற்பத்தி முதன்முதலாக விற்கப்படும் தருணம் அதன் கையில் இருக்க வேண்டும் என்பது என் வாதம். கடன் தருவதோ கடை நடத்துவதோ நிவாரணம் பகிர்வதோ அந்தப் பயிற்சிக்கு ஈடாவதில்லை.

இதுவரை சொல்லப்பட்ட இரண்டு விளக்கங்கள்

மீனவர் கூட்டுறவின் தளர்ச்சிக்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது பண்பாட்டு விளக்கம்: மீனவர் அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிப்பவர், சேமிக்கத் தெரியாதவர், குடிக்கு அடிமை. காலனிய அதிகாரிகளின் குறிப்புகளில் தொடங்கி இன்றைய வங்கி மேலாளரின் பேச்சுவரை இது தொடர்கிறது. மலாய்க்காரர்களைப் பற்றியும் இதே சொல்லப்பட்டது. அவர்களுக்கு வணிகம் வராது, உழைக்க மனமில்லை என்றார்கள். சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலதாஸ் 1977இல் வெளியிட்ட ‘சோம்பேறிப் பூர்வகுடி என்னும் கட்டுக்கதை’ இக்கருத்து யாருடைய நலனுக்காக உருவானது என்பதை விரிவாகக் காட்டியது. காலனியப் பெருந்தோட்டங்களில் கூலிக்கு வர மறுத்தவன் சோம்பேறியாக்கப்பட்டான். வடசென்னைக்கும் இது பொருந்தும். வானிலையையும் நீரோட்டத்தையும் டீசல் விலையையும் கணக்கிட்டு ஒவ்வொரு பயணத்துக்கும் பெருந்தொகையைப் பணயம் வைக்கும் ஒருவரிடம் தொழில்முனையும் குணம் இல்லை என்பதை ஏற்க முடியாது.

இரண்டாவது அரசியல் விளக்கம்: கட்சித் தலையீடு, தேர்தல் நடக்காமை, தனி அலுவலர் ஆட்சி, முறைகேடு. இதில் உண்மை உண்டு. ஆனால் தலையீடு இல்லாதிருந்தால் சங்கம் எதைச் செய்திருக்கும் என்று இந்த விளக்கம் கேட்பதில்லை. சங்கத்துக்குத் தரப்பட்ட வேலையே என்ன என்பதைப் பார்க்க, தொடக்கத்துக்குப் போக வேண்டும்.

நிக்கல்சனின் இரண்டு நிறுவனங்கள்

சென்னை மாகாணத்தில் வேளாண் வங்கிகளைத் தொடங்க முடியுமா என ஆராயப் பணிக்கப்பட்ட ஃபிரெடரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக அறிக்கை தந்தார். ஜெர்மானியக் கிராமங்களில் ரைஃபைசன் நிறுவிய கடன் சங்கங்களே இந்நாட்டுக்கு ஏற்றவை என்பது அவர் முடிவு. அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக வந்தது 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் கடன் சங்கம் பதிவானது. அதே 1904இல் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் அப்போது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் 1844இல் திறந்த கடை அவர்களுக்கு வழிகாட்டி. திரூர் கடனுக்கு, திருவல்லிக்கேணி கடைக்கு. சென்னைக் கூட்டுறவின் இரு கால்கள் இப்படி ஊன்றப்பட்டன.

பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. இதே நிக்கல்சன்தான் 1905இல் மீன்வளத்தை ஆராயும் பொறுப்பேற்று, 1907இல் சென்னை மீன்வளத் துறைக்கு வித்திட்டார். ஜப்பான் சென்று அந்நாட்டு மீன்பிடித் தொழிலைப் பற்றிக் குறிப்பும் எழுதினார். கூட்டுறவையும் கடலையும் ஒரே தலையில் சுமந்தவர் அவர். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் காலத்திலும் துறையின் அக்கறை விரிந்தே இருந்தது; மேற்குக் கரையில் மீனவர் பிள்ளைகளுக்குத் துறையே பள்ளிகள் நடத்தியது. மீனவருக்குச் சிக்கனமும் படிப்பும் சங்கமும் தேவை என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். ஆனால் மீனவர் சங்கத்துக்குத் தரப்பட்ட வடிவம் விவசாயிக்காக வரையப்பட்டது. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் மாதக்கணக்கில் காத்திருக்கும் விவசாயிக்குக் கடன் சங்கம் பொருந்தும். மீன் ஒவ்வொரு நாளும் அறுவடையாகிறது, சில மணி நேரத்தில் கெடுகிறது. அதன் சிக்கல் விற்பனை நேரத்தில் இருக்கிறது. கடன் சங்கம் அங்கே எட்டுவதில்லை.

ஏலமும் முன்பணமும்

1950களின் பிற்பகுதியிலிருந்து அரசு மானியத்தோடு விசைப்படகுகளைத் தந்தது. இறால் ஏற்றுமதி சூடுபிடித்ததும் கட்டுமரக் கடற்கரையின் பொருளாதாரம் மாறியது. 1980களில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இயங்கத் தொடங்கியபோது ராயபுரம் கிழக்குக் கரையின் பெரிய மீன்சந்தைகளுள் ஒன்றாகிவிட்டிருந்தது. கட்டுமரத்தாருக்கும் விசைப்படகாருக்கும் நடந்த கடும் மோதல்களின் பின்னணியில் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மார்டென் பாவிங்க் 2001இல் வெளியிட்ட சோழமண்டலக் கடற்கரை ஆய்வு, இந்த மோதல்களில் அரசுச் சட்டத்தைக் காட்டிலும் ஊர்ப் பஞ்சாயத்தின் நெறி எவ்வளவு வலுவாக இயங்கியது என்பதைப் பதிவுசெய்கிறது. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களைச் சீட்டுப்போட்டுச் சுழற்சியாகப் பகிரும் ‘பாடு’ முறையும் இத்தகையதே. கூட்டாக முடிவெடுப்பதில் இக்கடற்கரைக்கு நீண்ட பழக்கம் உண்டு. பாடு முறை உரிமையுள்ள ஊர்களுக்கு உள்ளே நேர்மையாகவும் வெளியே இருப்போருக்கு மூடியதாகவும் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கூட்டு முடிவு கடலில் இருந்தது. கரைக்கு வந்ததும் தனி ஒப்பந்தமானது. ஒரு விசைப்படகு கடலுக்குப் போக டீசல், ஐஸ், அரிசி, வலை பழுது என்று செலவு முன்னால் நிற்கிறது. வங்கி அதற்குக் கடன் தருவதில்லை. தரகரோ வியாபாரியோ முன்பணம் தருகிறார். அதற்கு வட்டி என்று எழுதப்படாமல் இருக்கலாம். பதிலுக்குப் பிடித்த மீன் அவர் வழியாகவே ஏலத்துக்கு வர வேண்டும், கழிவு அவருக்குப் போக வேண்டும். கடன் தீரும்வரை, சில வேளைகளில் தீர்ந்த பிறகும், இந்தக் கட்டு நீடிக்கும். இதில் தரகரை வில்லனாக்குவது எளிது. நள்ளிரவில் இயந்திரம் பழுதானால் பணம் கொடுப்பவர் அவர்தான், வீட்டில் சாவு நேர்ந்தால் முதலில் வருபவரும் அவர்தான். அவருடைய சேவை உண்மையானது. அந்தச் சேவையின் விலை தெரியாமலிருப்பதுதான் கேடு. தன் மீனுக்கு இன்னொருவரிடம் என்ன கிடைத்திருக்கும் என்று அறியும் வாய்ப்பே படகுக்காரருக்கு இல்லாமல் போகிறது. விலையை அறியாதவர் தொழிலை விரிவாக்கவும் இயலாது.

சங்கம் இந்த இடத்தில் இல்லாததால் வேறு வேலை அதற்கு வந்து சேர்ந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் நடைமுறையாகும் மீன்பிடித் தடைக்காலம் 45 நாளாக இருந்து 2017இல் 61 நாளானது. குடும்பத்துக்கான தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயரும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் முதலமைச்சர் அறிவித்தார். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் செலுத்தினால் மத்திய, மாநில அரசுகளின் பங்கும் சேர்ந்து 4,500 ரூபாய் திரும்பக் கிடைக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பகுதியில் எண்ணெய் பரவியபோது பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் படகு பழுதுக்கு 10,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. இவை அனைத்தும் நியாயமான உரிமைகள், பெரும்பாலும் போதாதவையும்கூட. எனினும் இந்தப் பட்டியல்களைச் சரிபார்க்கும் வாயிலாகவே சங்கம் அறியப்படும்போது, உறுப்பினர் அங்கே கற்பது மனு எழுதவும் வரிசையில் நிற்கவும்தான். கணக்குப் புத்தகம் அவர் பார்வைக்கு வருவதில்லை.

மலாய்க் கரையில் கிடைத்த பாடம்

மானிடவியலாளர் ரேமண்ட் ஃபிர்த் 1939-40இல் கிளந்தான் கரையிலுள்ள பெரூபோக் என்னும் மீனவர் ஊரில் தங்கி, 1946இல் ‘மலாய் மீனவர்’ என்ற ஆய்வை வெளியிட்டார். படகு, வலை, பங்கு பிரிக்கும் முறை, கடன் ஆகியவற்றை வீடுவீடாகக் கணக்கெடுத்த நூல் அது. மேற்குக் கரையில் மீனவரைக் கடனில் பிடித்திருந்தவர் சீன முதலாளி என்பது மலாயாவில் பொதுவாகச் சொல்லப்படும் கதை. கிளந்தானில் மீன் வாங்கி விற்றவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்களே. கடன் கட்டு இனத்தால் உருவாவதில்லை, விற்பனை அமைப்பால் உருவாகிறது என்று அந்த விவரங்களை நான் வாசிக்கிறேன். காசிமேட்டிலும் முன்பணம் தருபவர் பல வேளைகளில் அதே சமூகத்தவர்தான்.

பொருளியலாளர் உங்கு அசீஸ் இந்த நோயை இன்னும் கூர்மையாகப் பெயரிட்டார். மலாய்க் கிராமத்து வறுமைக்கு உற்பத்தித் திறன் குறைவும் அரசின் புறக்கணிப்பும் காரணங்கள். ஆனால் ஒருவரிடமே வாங்கவும் அவரிடமே விற்கவும் கட்டாயப்பட்ட நிலையே ஆழமான காரணம் என 1960களில் எழுதினார். 1968 முதல் 20 ஆண்டுகள் மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அவர், 1971இல் உருவான தேசியக் கூட்டுறவுப் பேரமைப்பான அங்காசாவின் தலைவரானார். பள்ளிக் கூட்டுறவுகளை வளர்ப்பதில் அவர் காட்டிய ஆர்வம் பெரிது. 1968இல் சோதனையாகத் தொடங்கிய அவை இன்று இரண்டாயிரத்துக்கும் மேல். மாணவர் சிறு தொகைக்குப் பங்கு வாங்குகிறார், பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கிறார், நோட்டும் பேனாவும் தின்பண்டமும் விற்கும் கடையை நிர்வாகக் குழுவில் இருந்து நடத்துகிறார், ஆண்டு முடிவில் ஈவுத்தொகை பெறுகிறார்.

இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பதினைந்து வயதில் இருப்புக் கணக்கைப் படிக்கப் பழகுவது பெரிய விஷயம். ஆனாலும் உங்கு அசீஸ் கண்ட நோய் விற்பவரின் பக்கத்தில் இருந்தது, பள்ளிக் கூட்டுறவு தந்த மருந்து வாங்குபவரின் பக்கத்தில் சேர்ந்தது. ரப்பர் பால் எடுப்பவரின் மகளும் மீன் பிடிப்பவரின் மகனும் பள்ளியில் கடை நடத்தக் கற்றார்கள். அப்பாவின் மீனை விற்கக் கற்கவில்லை. அந்தப் பணி 1971இல் அமைக்கப்பட்ட மீன்வள மேம்பாட்டு வாரியத்துக்கும் அதன் கீழ் வந்த மீனவர் சங்கங்களுக்கும் போயிற்று. அவை மேலிருந்து கட்டப்பட்டவை, மானிய விநியோகத்தில் நம் சங்கங்களை ஒத்தவை. அதே 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, 1970இல் 2.4 விழுக்காடாக இருந்த பூமிபுத்திரர் (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்) பங்குடைமையை 1990க்குள் 30 விழுக்காடாக்க இலக்கு வைத்தது. ஏறத்தாழ 19 விழுக்காட்டையே எட்டியது. அரசு ஒப்பந்தத்தை நம்பி வாழும் ஒரு வணிக வகுப்பு உருவானது என்பது ஜோமோ, டெரன்ஸ் கோமஸ் போன்ற ஆய்வாளர்களின் விமர்சனம். நானும் அதை ஏற்கிறேன்.

அதே மண்ணில் தமிழர் செய்தது வேறு. 1950களில் ஆங்கிலேயர் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். தொழிலாளர் தெருவில் நின்றனர். இந்தத் துண்டாடலை ஆய்ந்து எழுதியவரும் உங்கு அசீஸ்தான். 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளர்களே தோட்டம் வாங்கினார்கள்; முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். பால்மரம் சீவியவர்கள் சேர்ந்து தோட்டமே வாங்கியது தமிழர் பொருளாதார வரலாற்றில் அரிய நிகழ்வு. அதை இங்கே பாடநூலில்கூடச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். ஆனால் உடைமை மாறியதே தவிர, தோட்டத்தை நடத்தும் முறை மாறவில்லை என்ற குறையும் உண்மை. பங்குதாரராகிய தொழிலாளி, சந்தையில் ரப்பரை விற்பவராக ஆகவில்லை.

மரியநாடு காட்டிய வழி

இந்த இடைவெளியை நிரப்பிய முன்மாதிரி நமக்கு அருகிலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்து மரியநாட்டில், பீட்டர் பெர்னார்டு பெரைரா ஆயரின் ஊக்கத்தில் சமூகப் பணியாளர்கள் மீனவரோடு தங்கி உருவாக்கிய சங்கம், தொடக்கத்திலேயே ஏலத்தைக் கையில் எடுத்தது. பின்னாளில் மீன்வளப் பொருளியலாளராக அறியப்பட்ட ஜான் குரியன் அங்கே பணியாற்றியவர். முறை எளியது. கரைக்கு வரும் உறுப்பினரின் மீனைச் சங்கம் ஏலம் விடும். வியாபாரி சங்கத்துக்குப் பணம் தருவார். விற்பனையில் ஒரு பங்கு கடன் தவணைக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் ஒரு சிறு பங்கு சங்கச் செலவுக்கும் பிடிக்கப்படும், மீதி உடனே மீனவர் கைக்கு. பிடிப்பு குறைந்த நாளில் தவணையும் தானாகக் குறையும். கடலுக்குப் போகாதவர் உறுப்பினராக முடியாது.

இந்த விற்பனைக் கணக்கே வங்கிக்கு முன் நிற்கும் சான்றானது. அடமானம் வைக்க எதுவும் இல்லாதவருக்குத் தினசரி விற்பனைப் பதிவு அடமானமாயிற்று. வியாபாரிகளின் எதிர்ப்பைத் தாண்டிப் பல ஊர்களுக்குப் பரவிய இம்முறை, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக வளர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களும் அதில் இணைந்தன. வெளிப்பொருத்து இயந்திரப் பழுதுபார்ப்பு, ஒட்டுப்பலகைப் படகு கட்டுதல், ஐஸ், தொழில்நுட்பம் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொழில்கள் கிளைத்தன. தொழில்முனைவு இங்கே தனிமனிதரின் துணிச்சலாக வரவில்லை. விலைப் பதிவேட்டிலிருந்து முளைத்தது.

மாணவர்கள் எங்கே வருகிறார்கள்

படிப்பிலிருந்து கூட்டுறவுத் தொழில் பிறக்கும் என்பதற்கு ஸ்பெயினின் பாஸ்க் நாட்டு மாண்ட்ரகான் உலகறிந்த சான்று. அரிஸ்மெண்டியாரியெட்டா என்ற பாதிரியார் அங்கே 1943இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அப்பள்ளி மாணவர்களாக வளர்ந்த ஐவர் 1956இல் அடுப்பு தயாரிக்கும் கூட்டுறவு ஆலையை நிறுவினர். பள்ளி முதலில் வந்தது, அதுவும் ஊரின் தொழிலைக் கற்பித்த பள்ளி.

வடசென்னையில் அதற்கான கூறுகள் சிதறிக் கிடக்கின்றன. ராயபுரத்தில் மத்திய மீன்பிடிக் கப்பல் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் சென்னைப் பிரிவு 1968 முதல் கலம் செலுத்தவும் இயந்திரம் பராமரிக்கவும் கற்பிக்கிறது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் 1950இல் தொடங்கிய சர் தியாகராயா கல்லூரியிலும் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலும் இப்பகுதியின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் வணிகவியல் படிக்கிறார்கள். ஒருபுறம் கல்லூரிக் கூட்டுறவுப் பண்டகசாலை, மறுபுறம் தனி நிறுவனம் தொடங்கத் தூண்டும் தொழில்முனைவோர் மன்றம். முன்னது நோட்டு விற்கிறது. பின்னது முதலீட்டாளரைத் தேடச் சொல்கிறது. வணிகவியல் மாணவி காசிமேட்டு ஏலத்தின் ஒரு மாத விலைகளைப் பதிந்து ஆராயும் பாடம் எங்கும் இல்லை. மீனவ இளைஞருக்குக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி தருவது நல்ல திட்டம். எனினும் அரசு அவர்களுக்குக் காட்டும் உயர்வு கடலைவிட்டு வெளியேறும் வழியாகவே இருக்கிறது.

1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் முயற்சி எம்.ஆர்.எஃப். ஆயிற்று. இவ்வட்டாரத்தில் தொழில்முனைவுக்கு எடுத்துக்காட்டாக எப்போதும் அதுவே சொல்லப்படுகிறது. கல்வியும் வணிகத் தொடர்புகளும் உள்ள குடும்பத்திலிருந்து வந்தவர் அவர். குப்பத்துப் பிள்ளைக்கு அந்தத் தொடர்புகளின் இடத்தில் ஒரு சங்கம்தான் இருக்க முடியும்.

சில மறுப்புகள்

மரியநாட்டுச் சங்கம் கடற்கரையில் இறங்கும் சிறுபடகுகளுக்கானது, பெருந்துறைமுகத்து விசைப்படகுகளுக்கு ஒத்துவராது என்பது வலுவான மறுப்பு. ஒரு விசைப்படகின் ஒரு பயணச் செலவே சிறுபடகு ஒன்றின் முதலீட்டை நெருங்கும். அதற்கு முன்பணம் தரும் மூலதனம் புதிய சங்கத்திடம் இராது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே காசிமேட்டின் விசைப்படகுகளிலிருந்து தொடங்க முடியாது. ஃபைபர் படகுக் குப்பங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

மீனே குறைந்துவருகிறது என்பது அதைவிடக் கடுமையானது. அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. 2017 ஜனவரி 28இல் இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயைத் தன்னார்வலர்களும் மாணவர்களும் வாளிகளில் அள்ளினார்கள். அழியும் கழிமுகத்தைச் சங்கம் காப்பாற்றாது. ஆனால் நாள்தோறும் மீன்வரத்தைப் பதிந்த சங்கம் இழப்பீட்டு வழக்கில் தன் இழப்பை எண்களில் காட்ட முடியும். இன்று அந்த எண்கள் மீனவரிடம் இல்லை.

சாதியும் பாலினமும் மூன்றாவது சிக்கல். கடலுக்குப் போகிறவர் மட்டுமே உறுப்பினர் என்ற விதி பெண்களை வெளியே நிறுத்துகிறது. கூடையோடு ஏலத்துக்கு வந்து வாங்கிப் பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் கொண்டுபோய் விற்கும் பெண்கள்தான் இத்தொழிலில் நுகர்வோரின் விலையை அறிந்தவர்கள். கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் இடமில்லாத சங்கம் பாடு முறையின் பழைய குறையைத் திரும்பச் செய்யும்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் இப்போது சூரை மீன்பிடித் துறைமுகம் எழுந்திருக்கிறது. சூரை ஆழ்கடல் மீன். பிடித்த நொடியிலிருந்து குளிரைக் காத்தால் ஏற்றுமதி விலை, தவறினால் கருவாட்டு விலை. இங்கே ஏல உரிமையும் ஐஸ் ஆலையும் பதப்படுத்தும் கூடமும் யாருக்கு ஒதுக்கப்படும் என்பதே முதன்மையான முடிவு. தனியார் தரகருக்குப் போய் ஓராண்டு ஆனால், முன்பணக் கட்டு அங்கேயும் வேர்விட்டுவிடும். ஒரே ஒரு ஏலக்கூடத்தையாவது ஃபைபர் படகு மீனவரும் மீன் விற்கும் பெண்களும் சேர்ந்த சங்கத்துக்குத் தர வேண்டும். ராயபுரத்திலும் பொன்னேரியிலும் படிப்பவர்களுக்கு அங்கே கணக்கும் தரச்சோதனையும் பார்க்கும் ஓராண்டுப் பயிற்சி வேண்டும், சங்கத்தில் பங்கும் வேண்டும். நிவாரணப் பட்டியலைச் சங்கத்திடமிருந்து பிரித்து மீன்வளத் துறையின் நேரடிப் பதிவுக்கு மாற்ற வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. துறைமுகத்தின் ஒதுக்கீட்டு ஆணையில் சில பத்திகள் போதும்.